தசையும் புரதமும்: உணவு, உழைப்பு, உடல் பற்றிய ஒரு நோக்கு

உணவுக் கூறுகளுள் புரதத்தைப் போல மதிப்பும் மயக்கமும் ஒருங்கே பெற்றது பிறிதொன்றில்லை எனலாம். இறைச்சி தின்பவனே பலசாலி என்னும் நம்பிக்கை பழையது. புரதமாவை நீரிற் கரைத்துக் குடித்தால் உடல் திரண்டு உருளும் என்னும் நம்பிக்கை புதியது. இன்று நம் நகரங்களின் உடற்பயிற்சி நிலையங்களில் இளைஞர் பலர் தம் மாத வருவாயின் கணிசமான பகுதியைத் தகரப்பேணிகளில் அடைத்து விற்கப்படும் புரதமாவுக்குச் செலவிடுகின்றனர். அதே வேளையில், நாள் முழுவதும் மூட்டை சுமப்போரும் மலைச்சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிப்போரும் தம் உடலில் தசை திரளக் காண்பதில்லை. முன்னவர் பயிற்சிக்காகப் பாரம் தூக்குகின்றனர். பின்னவர் வயிற்றுக்காகத் தூக்குகின்றனர். பாரம் இருசாராருக்கும் பாரமே. ஆயின் விளைவு வேறுபடுவது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, தசை எவ்வாறு உருவாகின்றது, அதற்குப் புரதம் எவ்வளவு வேண்டும், கொழுப்புச் சேராது தசையை மாத்திரம் பெருக்குதல் இயலுமா என்பவற்றை அறிதல் வேண்டும். இவ்வறிவு ஒரே நாளில் தோன்றியதன்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் கால ஆய்வும் வாதமும் வணிகமும் பின்னிப்பிணைந்த வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதன் வழியாக இன்றைய முடிபுகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புரதக் கொள்கையின் தோற்றம்

'புரோட்டீன்' என்னும் சொல்லை 1838இல் ஒல்லாந்து நாட்டு இரசாயனவியலாளர் முல்டர் அறிமுகப்படுத்தினார். அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியஸ். முதன்மையானது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்றும் அது பிறந்தது. இவ்வாறு, பெயரிடப்பட்ட அன்றே புரதம் உணவுக் கூறுகளின் அரியணையில் ஏற்றப்பட்டுவிட்டது.

அவ்வரியணையை உறுதிப்படுத்தியவர் ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் ஆவார். தசை வேலைசெய்யும்போது தசையின் புரதமே எரிந்தழிகின்றது என்றும், அவ்வழிவை ஈடுசெய்ய உழைப்பவன் மிகுதியாக இறைச்சி உண்ணவேண்டும் என்றும் 1842இல் அவர் எழுதினார். இது சோதனையால் நிறுவப்பட்ட முடிபன்று. தருக்கத்தாற் பெறப்பட்ட கருத்தேயாகும். எனினும் லீபிக்கின் பெருமை காரணமாக அது இருபதாண்டுக் காலம் மறுப்பின்றி நிலவியது. 1865இல் அவர் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாற்றுக் கம்பனி ஒன்று தொடங்கப்பட்டது. உருகுவே நாட்டின் பிறே பென்ரொஸ் என்னுமிடத்தில், தோலுக்காகக் கொல்லப்பட்ட மாடுகளின் இறைச்சியைக் காய்ச்சி அக்கம்பனி சாறு எடுத்தது. ஏறத்தாழ 30 கிலோகிராம் இறைச்சியிலிருந்து ஒரு கிலோகிராம் சாறு கிடைத்தது. ஆனால் அச்சாற்றில் இறைச்சியின் சுவை இருந்ததேயன்றி இறைச்சியின் புரதம் பெரும்பாலும் இருக்கவில்லை. புரதத்தின் பெயரால் புரதமற்ற பொருள் உலகெங்கும் விற்பனையான இந்நிகழ்ச்சி பிற்கால வணிகத்துக்கு ஒரு முன்னோடி எனின் மிகையாகாது.

லீபிக்கின் கொள்கையைச் சோதனைக்கு உட்படுத்தியோர் சூரிச் நகரிற் பணியாற்றிய பிக், விசிலிசேனஸ் என்னும் இருவராவர். 1865 ஓகஸ்ற் மாத இறுதியில் இவர்கள் சுவிற்சர்லாந்தின் போல்கோண் மலையில் ஏறினர். ஏறுவதற்கு முன்னும் ஏறும்போதும் புரதமற்ற உணவையே உட்கொண்டனர். மாப்பொருள், கொழுப்பு, சீனி ஆகியனவே அவர்தம் உணவு. புரதம் எரியும்போது அதிலுள்ள நைதரசன் சிறுநீரில் வெளியேறும். எனவே சிறுநீரைச் சேகரித்து நைதரசனை அளந்தால், எரிந்த புரதத்தைக் கணக்கிடலாம். ஒவ்வொருவர் உடலிலும் ஏறத்தாழ 37 கிராம் புரதமே சிதைந்திருந்தது. அடுத்த ஆண்டில் பிராங்லண்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் உணவுப் பொருட்களை எரித்து அவற்றின் சக்தியை அளந்தபோது, அப்புரதம் முழுவதும் வேலையாக மாறியிருப்பினும், ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் உயரத்துக்கு உடலைச் சுமந்து சென்ற வேலையின் பாதியளவுக்கே அது போதும் எனத் தெரியவந்தது. ஆகவே தசையின் எரிபொருள் மாப்பொருளும் கொழுப்புமே. புரதம் தசையாகிய பொறியைக் கட்டும் பொருள் என்னும் வேறுபாடு தெளிவாயிற்று. இன்றுவரை பலர் மயங்குமிடம் இதுவேயாகையால் இச்சோதனையைச் சற்று விரித்துரைத்தோம்.

கொள்கை வீழ்ந்த பின்னரும் அதன் நிழல் நீங்கவில்லை. மியூனிச் பல்கலைக்கழகப் பேராசிரியர் வொயிற், நடுத்தர வேலைசெய்யும் ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என வரையறுத்தார். அமெரிக்காவில் அற்வாற்றர் அதனை 125 கிராமாக உயர்த்தினார். இவ்வளவுகள் எவ்வாறு பெறப்பட்டன என்பதே இங்கு நோக்கற்பாலது. ஓரளவு வசதியான தொழிலாளர் உண்பதை அளந்து, அவர்கள் உண்பதே அவர்களுக்கு வேண்டியது எனக் கொண்டனர். வழக்கம் தேவையாக மாற்றப்பட்டது.

யேல் பல்கலைக்கழகத்தின் சிற்றென்டன் இதனை மறுத்தார். 1904இல் வெளிவந்த தமது நூலில், தம்மையும் தம் உடனாசிரியரையும் படைவீரர் சிலரையும் மாணவ விளையாட்டு வீரர் சிலரையும் பல மாதங்கள் ஏறத்தாழ அரைப்பங்குப் புரதத்தோடு வைத்திருந்து பெற்ற முடிபுகளை அவர் விவரித்தார். எவருடைய வலிமையும் குன்றவில்லை, மாறாக உயர்ந்தது. அவ்வுயர்ச்சிக்குக் காரணம் குறைந்த புரதமே எனச் சிற்றென்டன் கருதினார். ஆனால் அப்படைவீரர் நாள்தோறும் முறையான உடற்பயிற்சி செய்துவந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. வலிமையைத் தந்தது பயிற்சி. அதற்கு 118 கிராம் தேவையில்லை என்பதே அச்சோதனை காட்டிய உண்மை.

குடியேற்ற ஆட்சியில் இவ்வாதம் வேறொரு முகம் கொண்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் உடற்றொழிலியற் பேராசிரியர் மக்கே, 1912இல் வெளியிட்ட நூலில், வங்காளியரின் உடல் மெலிவுக்கும் அவர்க்கு உரியதென அவர் கருதிய ஊக்கக் குறைவுக்கும் அவர்தம் சோற்றுணவின் புரதக் குறைவே காரணம் என வாதிட்டார். மலேரியாவும் கொக்கிப்புழுவும் வறுமையும் அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. 1920களில் குன்னூரில் ஆய்வு நடத்திய மக்கரிசன், இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி, சீக்கியரின் உணவு பெற்றவை நன்கு வளர்ந்ததையும் சோற்றையே பெரிதும் சார்ந்த சென்னை, வங்காள உணவுகளைப் பெற்றவை மெலிந்ததையும் காட்டினார். அவர் அதனைப் புரதம் ஒன்றோடு நிறுத்தாது பால், கீரை, விற்றமின்கள் ஆகியவற்றோடும் தொடர்புபடுத்தினார் என்பது உண்மை. ஆயினும், ஒரு மக்கட்கூட்டம் ஏன் அவ்வுணவை உண்ண நேர்ந்தது என்னும் வினா எலிக்கூண்டினுள் எழ இயலாது. உணவை இனத்தின் இயல்பாகக் காணும் பார்வை, அவ்வுணவைத் தீர்மானிக்கும் கூலியையும் நிலவுடைமையையும் மறைத்துவிடுகின்றது.

2. தசை எவ்வாறு உருவாகின்றது

தசையைக் கட்டிமுடிந்த சுவர் போல நாம் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பிழையென்று காட்டியவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த ஷொன்கைமர். 1930களின் பிற்பகுதியில், பாரமான நைதரசன் சமதானியால் அடையாளமிடப்பட்ட அமினோவமிலங்களை எலிகளுக்கு ஊட்டி, அவை உடற்புரதங்களுள் விரைவிற் புகுந்து கலப்பதை அவர் கண்டார். உடற்புரதம் இடையறாது சிதைக்கப்பட்டும் மீளக் கட்டப்பட்டும் வருகின்றது. வளர்ந்த மனிதனொருவனில் நாள்தோறும் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் வரையிலான புரதம் இவ்வாறு சிதைந்து மீண்டும் ஆக்கப்படுகின்றது. இது அவன் உண்ணும் புரதத்தைப் போல மூன்று நான்கு மடங்காகும். சிதைவில் விடுபடும் அமினோவமிலங்களுட் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுகின்றன. எஞ்சியவற்றின் நைதரசனை ஈரல் யூரியாவாக்க, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகின்றது. இவ்விழப்பை ஈடுசெய்வதே உணவுப் புரதத்தின் முதற்பணி.

எனவே தசை பெருகுவதென்பது, ஆக்கம் சிதைவை நெடுங்காலம் சிறிதளவு விஞ்சி நிற்றலேயாகும். ஆக்கத்தைத் தூண்டுவன இரண்டு. ஒன்று உணவிலிருந்து குருதிக்கு வரும் அமினோவமிலங்கள். அவற்றுள்ளும் லியூசின் சிறப்பானது. மற்றையது தசையின் மீது விழும் பாரம். உணவு தரும் தூண்டல் சில மணிநேரத்தில் தணிந்துவிடும். தசை தான் வழக்கமாகச் சுமப்பதைவிட மிகுந்த பாரத்தைச் சுமக்கும்போதோ, அதன் கலங்கள் உணவிலுள்ள அமினோவமிலங்களைக் கூடிய அளவில் ஏற்கும் நிலை ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் நீடிக்கின்றது. பாரம் பழகிப்போனால் தூண்டலும் தேய்ந்துபோகும். ஆகவே பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுதல் இன்றியமையாதது.

பயிற்சியற்ற புரதம் பயன் தராது என்பதற்கு 1994இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று சிறந்த சான்று. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த மெலிவுற்ற நூறு முதியோரைப் பியற்றறோனி என்னும் மருத்துவரும் குழுவினரும் பத்து வாரங்கள் ஆராய்ந்தனர். பாரப்பயிற்சி செய்தோரின் கால்வலிமை இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சியின்றிப் போசணைப் பானம் மட்டும் பெற்றோரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. தொண்ணூறு வயதை அண்மியோரிலும் தசை பாரத்தின் அழைப்புக்குச் செவிசாய்க்கின்றது. பானத்துக்கு மட்டும் அது அசைவதில்லை.

3. எவ்வளவு புரதம் போதும்?

இங்கு எளிய கணக்கொன்று பல மயக்கங்களைத் தீர்க்கும். தசையில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர். ஐந்திலொரு பங்கே புரதம். ஒரு கிலோகிராம் தசையில் 200 கிராம் புரதமே உண்டு. புதிதாகப் பயிற்சி தொடங்கும் இளைஞனொருவன் மாதமொன்றில் ஒரு கிலோகிராம் தசையைப் பெறுவானாயின் அது நல்ல பேறே. அதற்காக அவன் உடலில் மேலதிகமாகத் தங்கவேண்டிய புரதம் நாளொன்றுக்கு ஏழு கிராமிலும் குறைவு. ஏறத்தாழ ஒரு முட்டையிலுள்ள அளவு. உண்ட புரதம் யாவும் தசையாகத் தங்குவதில்லையாதலால் உண்ணவேண்டியது இதனினும் கூடுதல் என்பது உண்மையே. எனினும் தசையின் தேவை எத்துணைச் சிறியது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் இணைந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்தோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என வரையறுத்தது. 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். இது உடலை உள்ளவாறு பேணுவதற்குரிய அளவு. தசையைப் பெருக்குவோர் நிலை வேறு. 49 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 1,863 பேரையும் ஒருங்கே நோக்கி 2018இல் வெளியான தொகுப்பாய்வு, கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதத்தாற் சராசரியாக மேலதிகத் தசை விளையவில்லை எனக் கண்டது. ஆளுக்காள் இவ்வெல்லை ஓரளவு வேறுபடும், 2.2 கிராம் வரை எடுத்துக்கொள்வோருக்கு அது காப்பான மேலெல்லையாக அமையலாம். 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு 1.6 கிராம் என்னும் கணக்கில் 96 கிராம் வேண்டும்.

அதே தொகுப்பாய்வின் மற்றொரு முடிபு பெரிதும் பேசப்படுவதில்லை. வழமையான உணவோடு மேலதிகப் புரதம் பெற்றுப் பயிற்சி செய்தோர், அதனைப் பெறாது பயிற்சி செய்தோரைவிடச் சராசரியாக 0.3 கிலோகிராம் மட்டுமே கூடுதலான கொழுப்பற்ற உடற்றிணிவைப் பெற்றனர். பெரும்பயன் பயிற்சியினுடையது, மேலதிகப் புரதம் அதன்மேல் இடும் சிறு சேர்க்கையே.

புரதத்தை ஒரே வேளையில் உண்பதிலும் மூன்று நான்கு வேளைகளிற் பகிர்ந்து உண்பது பொருத்தம். நம்மவர் பலரின் காலையுணவு மாப்பொருளும் தேநீருமாகவே முடிந்துவிடுவதால், காலையிற் பயறோ கடலையோ முட்டையோ சேர்ப்பது எளிய திருத்தமாகும். ஐம்பது வயதைக் கடந்தோரில் தசை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு வீதம் குறைந்து செல்கின்றது. அவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. சிறுநீரக நோயுள்ளோரோ மருத்துவரின் அறிவுரையின்றிப் புரதத்தைக் கூட்டுதல் ஆகாது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரந்து காணப்படும் நம் நாட்டில் இவ்வெச்சரிக்கை வெறும் சம்பிரதாயமன்று.

4. கொழுப்புச் சேராதிருத்தல்

தசையைத் தீர்மானிப்பன பாரமும் புரதமும். கொழுப்பைத் தீர்மானிப்பது மொத்தச் சக்தி. இவ்விரண்டும் தனித்தனிக் கணக்குகள் என்பதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று தெளிவாகக் காட்டிற்று. பிறேயும் குழுவினரும் லூசியானாவிலுள்ள ஆய்வு நிலையமொன்றில் 25 பேரைத் தங்கவைத்து, எட்டு வாரங்கள் அவர்தம் தேவைக்கு மேல் ஏறத்தாழ 950 கிலோகலோரி ஊட்டினர். ஒரு பிரிவினரின் உணவிற் சக்தியின் 5 வீதமும், இரண்டாம் பிரிவினரில் 15 வீதமும், மூன்றாம் பிரிவினரில் 25 வீதமும் புரதத்திலிருந்து வந்தன. மூன்று பிரிவினரிலும் சேர்ந்த கொழுப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றே. கொழுப்பற்ற திணிவோ வேறுபட்டது: முதற் பிரிவினர் 0.7 கிலோகிராமை இழந்தனர். ஏனைய இரு பிரிவினரும் ஏறத்தாழ மூன்று கிலோகிராம் பெற்றனர். 15 வீதத்துக்கும் 25 வீதத்துக்குமிடையில் வேறுபாடு மிகச் சிறிதே. இவர்கள் பயிற்சி செய்யாதவராகையால், சேர்ந்த அத்திணிவு முழுவதையும் தசையெனக் கொள்ளலாகாது. எனினும் இரு பாடங்கள் தெளிவு. மிகையாக உண்டால் கொழுப்புச் சேர்வதைப் புரதம் தடுக்காது. புரதம் குறைந்தால் உடல் பருத்தும் தசை தேயலாம்.

இதன் மறுபக்கத்தைக் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் காட்டியது. நிறை மிகுந்த நாற்பது இளைஞருக்கு நான்கு வாரங்கள் அவர்தம் தேவையின் 60 வீதச் சக்தியே உணவாக அளிக்கப்பட்டது; வாரத்தில் ஆறு நாட்கள் கடும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. கிலோகிராமுக்கு 1.2 கிராம் புரதம் பெற்றோர் 3.5 கிலோகிராம் கொழுப்பை இழந்து, தசையை இழவாது காத்துக்கொண்டனர். 2.4 கிராம் பெற்றோர் 4.8 கிலோகிராம் கொழுப்பை இழந்து, 1.2 கிலோகிராம் கொழுப்பற்ற திணிவைப் பெற்றனர். சக்தியைக் குறைத்து உண்ணும்போதே கூடுதற் புரதத்தின் பயன் மிகுதி என்பது இதனாற் பெறப்படும். ஏற்கெனவே மெலிந்திருப்போர் இவ்வழியைப் பின்பற்றுதல் தகாது. அவர்தம் உடலில் எரித்தற்குரிய கொழுப்புச் சேமிப்பு இல்லையாதலால், சிறிதளவு மேலதிகச் சக்தியோடு மெல்ல வளர்வதே அவர்க்குரிய நெறி.

ஆகவே தசையை மாத்திரம் வேண்டுவோர் ஓர் உணவிற் புரதம் எவ்வளவு என்பதோடு, அப்புரதத்தோடு எவ்வளவு சக்தி உடன்வருகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். 25 கிராம் புரதத்தைப் பெறுவதற்கு ஏறத்தாழ 125 கிராம் மீன் போதும். அதனோடு வரும் சக்தி 140 கிலோகலோரி அளவே. அதே புரதத்தை நூறு கிராம் பருப்பிலும் பெறலாம். அதனோடு ஏறத்தாழ 350 கிலோகலோரி வரும். கச்சானிற் பெறவேண்டுமாயின் நூறு கிராமோடு 570 கிலோகலோரி வரை வரும். ஏனெனில் கச்சானின் பாதி எண்ணெய். அரிசியில் மட்டும் பெற முயன்றால் 350 கிராம் அரிசியும் 1,200 கிலோகலோரிக்கு மேற்பட்ட சக்தியும் வேண்டும். தேங்காய் புரதமுள்ள உணவெனக் கருதப்படுவதுண்டு. அது பெரும்பாலும் கொழுப்பே. இவற்றுள் எதுவும் விலக்கற்குரியதன்று. அளவை அறிந்து உண்ணுதலே வேண்டப்படுவது.

5. நம் உணவிற் புரதம்

96 கிராம் புரதத்துக்குத் தகரப்பேணி இன்றியமையாததா? 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் ஒருநாள் உணவை நோக்குவோம். சமைக்காத நிறையில் அரிசி 300 கிராம் 21 கிராம் புரதம் தரும். மைசூர்ப் பருப்பு 60 கிராம் 14 கிராமும், பயறு அல்லது கடலை 60 கிராம் ஏறத்தாழ 13 கிராமும், மீன் 125 கிராம் 25 கிராமும், முட்டை இரண்டு 12 கிராமும், பால் 300 மில்லிலீற்றர் 10 கிராமும் தரும். கூட்டுத்தொகை 95 கிராம். சக்தி ஏறத்தாழ 1,950 கிலோகலோரி. கீரைக்கும் மரக்கறிக்கும் கறியிலிடும் தேங்காய்க்கும் இதன்மேல் இடமுண்டு. மீன் முட்டை உண்ணாதோர் சோயாவைக் கைக்கொள்ளலாம். உலர்ந்த சோயா மீற்றில் ஏறத்தாழ பாதி புரதமாகையால் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் கிடைக்கும். நெத்தலிக் கருவாடு 20 கிராமிலே 12 கிராம் புரதம் உண்டு; உப்பை மட்டும் ஊறவைத்து நீக்குதல் நன்று.

தாவரப் புரதம் நிறைவற்றது என்னும் கருத்தையும் இங்கு நோக்குதல் வேண்டும். அரிசி, கோதுமை முதலிய தானியங்களில் இலைசின் என்னும் அமினோவமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. அவற்றில் மெதியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோறும் பருப்பும், உழுந்தும் அரிசியும் சேர்ந்த தோசையும் அமினோவமிலம் என்னும் சொல் பிறக்கும் முன்னரே நம் மக்கள் கண்ட இணைப்புகள். தாவரப் புரதம் சற்றுக் குறைவாகவே சமிப்பதால் அளவைச் சிறிது கூட்டிக்கொண்டாற் போதுமானது.

சந்தையில் விற்கப்படும் புரதமா பெரும்பாலும் பாற்கட்டி செய்யும்போது எஞ்சும் நீரிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு காலத்தில் மேலைநாடுகளில் அந்நீரைக் கொட்டினர், அன்றிப் பன்றிகளுக்கு ஊட்டினர். அது தீயதன்று, நல்ல புரதமே. உண்ணும் வாய்ப்புக் குறைந்தோருக்கு அது வசதியானதும் ஆகலாம். ஆயின் அது தரும் ஒரு வேளைக்குரிய 24 கிராம் புரதத்தைப் பருப்பும் மீனும் தரும் அதேயளவு புரதத்தோடு விலை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பொருளின் விலையை அதிலுள்ள புரதக் கிராமின் தொகையால் வகுத்தாற் போதும். விளம்பரம் மறைப்பதைக் கணக்கு காட்டிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூஜின் சாண்டோ என்னும் புகழ்பெற்ற பலசாலி தம் பெயரிற் கொக்கோத்தூள் விற்றார். பலசாலியைச் 'சாண்டோ' என்றழைக்கும் வழக்கு நம்மிடையே அவர் பெயரால் வந்ததே. அவர் தசையை ஆக்கியது கொக்கோ அன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

6. உழைக்கும் உடல் ஏன் மெலிகின்றது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். அவ்விடையும் ஒரு நெடிய வாதத்தினூடாகவே பெறப்பட்டது. கோல்ட் கோஸ்ற் எனப்பட்ட இன்றைய கானாவிற் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் மறந்து சோளக்கஞ்சி உண்ட குழந்தைகளிற் காணப்பட்ட நோயொன்றை 1933இல் விவரித்து, 1935இல் அதற்குக் 'குவாஷியோர்க்கர்' என்னும் அவ்வூர்ப் பெயரையே சூட்டினார். இதனைத் தொடர்ந்து வறிய நாடுகளின் பசி என்பது புரதப் பசியே என்னும் கருத்து ஓங்கிற்று. 1968இல் ஐக்கிய நாடுகள் சபை வரவிருக்கும் புரத நெருக்கடி பற்றி எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. மீன்மா தயாரிக்கப்பட்டது, பெற்றோலியத்தில் நுண்ணுயிர் வளர்த்துப் புரதம் எடுக்கவும் முயன்றனர். 1974இல் மக்லாரன் என்னும் மருத்துவ அறிஞர் லான்செற் இதழில் இவ்வியக்கத்தைப் பெருந்தோல்வி எனச் சாடினார். இந்தியாவின் சுகாத்மேயும் வறியோரிற் பெரும்பாலோருக்கு முதலில் இல்லாதது உணவின் மொத்தச் சக்தியே என வாதிட்டார்.

அதன் உட்பொருள் இதுவே. உடலுக்கு வேண்டிய சக்தி மாப்பொருளிலும் கொழுப்பிலும் கிடையாதபோது, உடல் புரதத்தையே விறகாக எரிக்கின்றது. உண்ட பருப்பும் எரிகின்றது. உடலிலுள்ள தசையும் எரிகின்றது. மக்மாஸ்ரர் இளைஞரிடம் எரிப்பதற்குக் கொழுப்பும் இருந்தது, அளந்து கொடுக்கப்பட்ட புரதமும் இருந்தது. கோதுமை மா ரொட்டியையும் சீனியிட்ட தேநீரையும் உண்டு மலையேறும் தோட்டத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் இல்லை. பாரம் அவர் தசையை வளருமாறு அழைக்கின்றது; கட்டுதற்குப் பொருளும் இல்லை, எரித்தற்கு விறகும் இல்லை. ஓய்வோ நித்திரையோ போதாமை இதற்கு மேலும் துணைபோகின்றது. உடற்பயிற்சி நிலையத்திற் பாரம் தூக்குபவர் ஒரு மணிநேரம் தூக்கி இரு நாட்கள் அத்தசைக்கு ஓய்வளிக்கின்றார். கூலிக்குச் சுமப்பவருக்கு அத்தெரிவு இல்லை.

இதன் விளைவு தலைமுறை கடந்து செல்கின்றது. 2016இல் இலங்கையில் நடத்தப்பட்ட குடிசன, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்குரிய உயரத்தை எய்தாதோர் நாடளவில் ஏறத்தாழ 17 வீதம். பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். 2022இன் பொருளாதார நெருக்கடியில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, செப்ரெம்பர் மாத உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தன. விலை ஏறும்போது வறிய குடும்பம் முதலில் விடுவது முட்டையையும் மீனையும் பாலையும். இறுதியில் எஞ்சுவது மா. 1970களில் தொடங்கப்பட்டுக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ மாவின் விநியோகமும் அவ்வாண்டில் தடைப்பட்டது. மிகவும் வேண்டப்பட்ட வேளையில் அது கிடையாமற் போயிற்று.

முடிபுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன சிலவே. தசையை அழைப்பது பாரம், கட்டுவது புரதம், காப்பது போதிய சக்தியும் ஓய்வும். பயிற்சி செய்வோருக்கு உடல் நிறையின் கிலோகிராமுக்கு 1.6 கிராம் அளவிலான புரதம் போதும். அதனை மிஞ்சியது பெரும்பாலும் யூரியாவாகவும் எரிபொருளாகவும் கழியும். கொழுப்புச் சேர்வதும் சேராமையும் மொத்தச் சக்தியைப் பொறுத்தவை. இடுப்பளவையும் நிறையையும் மாதந்தோறும் அளந்து உணவைச் சற்றே கூட்டியும் குறைத்தும் வருதல் போதுமான வழி. இவற்றுக்கு வேண்டிய உணவு நம் சந்தையிலேயே உண்டு.

சந்தையிலுள்ளது எல்லா அடுக்களைக்கும் செல்கின்றதா என்பதே எஞ்சும் வினா. லீபிக் காலந்தொட்டு அறிவியல் கேட்டுவந்தது உழைப்பவன் எவ்வளவு உண்ணவேண்டும் என்பது. அதற்கான விடை இன்று கிராமக் கணக்கிற் கிடைத்துவிட்டது. ஒருநாட் கூலி அவ்வுணவை வாங்கப் போதுமா என்னும் கணக்கை ஆய்வுகூடம் செய்துதராது. ஆயினும் கூலி நிர்ணயம் பேசப்படும் மேசையில் அரிசியோடு பருப்பும் மீனும் முட்டையும் எத்தனை கிராம் என்பதைக் கூறி வாதிடுதற்கு வேண்டிய எண்கள் இன்று நம் கையில் உள்ளன. அவற்றை அம்மேசைக்குக் கொண்டுசெல்லல் பல்கலைக்கழகத்தாரின் கடமைகளுள் ஒன்றெனக் கருதுகின்றோம்.